சன்னலைத் திறந்த பிறகு

நெய்வேலியிலிருந்து வடலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒரே பிளாக் குவார்ட்டர்ஸ் என்று பேச்சில் தெரிந்தது. இளையவள் கிளார்க் பரீட்சையில் பாஸாகியிருந்தாள்.

“சன்னலத் தொறந்தப்புறம்தான்க்கா எனக்குக் கணக்கே வந்துச்சு.”

“சன்னலுக்கும் கணக்குக்கும் என்னடி?”

“ரெண்டு வாட்டி ஃபெயிலானேன்ல. பிளாண்ட்டுலேர்ந்து சாம்பல் வருதுன்னு எல்லாத்தையும் சாத்திக்கினு, உள்ள கரியடுப்புல பருப்பு வேக வேகப் படிப்பேன். பொகை போக வழியில்லாம தலை கனத்துக்கினே இருக்கும். கூட்டணுமா கழிக்கணுமான்னே புரியாது. உனக்கு மண்டையில ஒண்ணுமில்லன்னாரு அவரு.”

“உங்க அவரு சொல்லக்கூடியவருதான்.”

“ஒரு நாளு பகல்ல கரண்ட் போயிடுச்சு.”

“கரண்ட் எடுக்கிற ஊர்லயே.”

“ஆமாக்கா. வெளிச்சத்துக்காக சன்னலத் தொறந்துட்டு ஒக்காந்தேன். முந்தின நாளு வராத கணக்கெல்லாம் கடகடன்னு வருது. மறுநாளு திரும்ப சாத்திப் பாத்தேன், பழைய மந்தம். அதோட சாத்துறதையே வுட்டுட்டேன். பரீட்ச ஹாலுலயும் சன்னலெல்லாம் சாத்தியிருந்தாங்க. நானே எழுந்து போயி ஒண்ணத் தொறந்தேன்.”

“யாரும் ஒண்ணும் சொல்லலியா?”

“மொறச்சாங்க. மொறைக்கட்டும்னு எழுதினேன்.”



“அது சரி, வூடு பூரா சாம்பல் படியுமே. தினம் யாரு தொடைக்கிறது?”

“திங்கக்கெழமையிலேர்ந்து நான் ஆபீசு போறேன். அவருக்கு நைட் ஷிஃப்ட். தூங்கி எழுந்தா பொழுதெல்லாம் வூட்டுலதான் இருக்காரு. தொடைக்கட்டும்.”