சென்னம்மாவின் நெற்றி

“ஹலோ… ஹலோ, ராமப்பண்ணா, அற்புதமேரிதான் பேசுறேன்… ஆமா, பை வந்துடுச்சு. உங்க பக்கத்து வூட்டுக்காரரு கொண்டாந்து வெச்சிட்டுப் போய்ட்டாரு… ஆமா, ஆமா. அரிசி, பருப்பு, எண்ணெய், எல்லாம் அப்படியே இருக்குது… அண்ணா, கொஞ்சம் மெதுவா…”

அற்புதமேரி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சபைக் கூடத்தின் படியில் உட்கார்ந்தாள். சூளகிரியில் கம்பெனிகளுக்குப் பின்னால் லைன் வீடுகளில் இருக்கும் நாற்பது குடும்பங்களுக்குக் காலையிலிருந்து பை கொடுத்து முடித்திருந்தாள். இடுப்பு விட்டுப்போயிருந்தது. அதில் ஒரு பை மட்டும் திரும்பி வந்து அவள் காலடியில் கிடந்தது. ராமப்பனின் வலது கை பிரஸ் மிஷினில் மாட்டி ஒரு மாதம் ஆகிறது. கட்டு மாற்ற அவனை ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வருவது சபை வண்டிதான்.

“நான் சொல்லலண்ணா. யாரும் சொல்லல… கன்னடத்துல திட்டாதீங்க, எனக்கும் புரியும்… தெரியுது. புருஷன் உசுரோட இருக்கறப்ப பொண்டாட்டி பொட்ட அழிச்சிட்டு வந்து நின்னா எப்படி இருக்கும்னு தெரியுதுண்ணா… சென்னம்மா என்ன சொல்றாங்க?… அழுவுறாங்களா… ம்… ம்… வெளிய நின்னா கடைசியாத்தான் பை கெடைக்குதுன்னா… ஆமா… ஆமாண்ணா.”

அவள் கேட்டைப் பார்த்தாள். அங்கே நிழல் கிடையாது.

“அது நான் பண்ணதுதாண்ணா… இல்ல, கேளுங்க. ஜெபத்துக்கு உள்ள உக்காந்தவங்க கைக்கு எட்டுனாங்க, மொதல்ல குடுத்தேன். வெளிய இருந்தவங்க வெயில்ல நின்னு கடைசியா வாங்குனாங்க. வாயால சொல்லல. ஆனா சொன்ன மாதிரிதான் ஆயிடுச்சு… இன்னிக்கு சென்னம்மா உள்ள வந்து மொத வரிசையில உக்காந்தாங்க. நெத்திய பாத்தேன்… பாத்தேண்ணா. பாத்துட்டு சந்தோஷப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன்.”

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“அண்ணா? இருக்கீங்களா?… ம். அடுத்த வாரத்துலேந்து கேட்டு பக்கத்துலயே எல்லாருக்கும் பை குடுத்துடறேன். வாங்குனவங்க போலாம். அப்புறம்தான் ஜெபம்… யாரும் உக்கார மாட்டாங்கதான். நானும் வண்டி ஓட்டற ஜாக்சனும் உக்காந்துக்கறோம்… என்னது? வண்டியில நான் ஜெபம் பண்றப்பவா?… கண்ண மூடலன்னா வண்டி எடுக்க மாட்டோம்னு நெனச்சீங்களா?… ஒரு மாசமா அதுக்காகத்தான் மூடிட்டு வந்தீங்களா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை.

“இனிமே வண்டியில பண்ணல. ஆனா உங்க கைக்காக வேண்டிக்கறத மட்டும் விட சொல்லாதீங்க. என் வூட்ல பண்ணிக்கறேன். அதுக்கு நீங்க வரவும் வேணாம், கண்ண மூடவும் வேணாம்… ஏன் இதெல்லாம் செய்றேன்னா?… ஏசு செய்யச் சொன்னாரு. அத நான் நம்புறேன். நீங்க கேட்டீங்க, சொன்னேன். அவ்ளோதான்… ஆனா நாளைக்குக் கட்டு மாத்தணும்ணா. போன தடவையே சீழ் இருந்துச்சு. தள்ளிப் போட்டா வெரல எடுக்கணும்னு டாக்டர் சொன்னாரே… பஸ்லயா? ஷிப்ட் கூட்டத்துல யாராச்சும் கையில இடிச்சா?… சரி. சரி, இழுக்கல. உங்க இஷ்டம். ஆறரைக்கு வண்டி உங்க லைன் முனையில நிக்கும். ஏழு வரைக்கும் நிக்கும்… அவங்ககிட்டயா? பொட்டு வெச்சிக்கன்னு நான் சொல்லணுமா?… மாட்டேண்ணா… கோவப்படாதீங்க. நான் வெச்சிக்க சொன்னா அதுவும் பைக்காக வெச்ச பொட்டா ஆயிடும். வெச்சாலும் வெக்காட்டியும் பை உண்டுன்னு மட்டும் சொல்லுங்க. அவங்க நெத்திண்ணா.”

ராமப்பன் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் யாரிடமோ பேசினான். தணிந்த குரல். நடுவில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சும் சத்தம். அற்புதமேரி நெட்டி முறிக்கக் கையைத் தூக்கியவள் அப்படியே காத்திருந்தாள்.

“சொல்லுங்கண்ணா… ஜன்னல் பக்கமா? இருக்குது. கை இடிபடாது… கண்ண தொறந்துட்டேதான் வருவீங்களா? வாங்க. மூடுனா எனக்கே வண்டியில தலை சுத்தும்… ம்?… பைய ஜாக்சன்கிட்ட குடுத்து விடட்டா?… வேணாமா? அப்புறம்?… சென்னம்மாவே வந்து வாங்கிக்கறாங்களா… உள்ள வர மாட்டாங்களா. வேணாம், வேணாம். கேட்டு பக்கத்துலயே நிக்கட்டும். இப்பவே வரச் சொல்லுங்க, நான்…”

அவன் வைத்துவிட்டான்.

அற்புதமேரி முழங்காலில் கை ஊன்றி எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டுக்கு வெளியே நின்றாள். வெயில் இன்னும் இறங்கவில்லை.