ஒத்தை விசில்

— காதுல பஞ்சு, கால்ல பூட்ஸு. ஏழு மாசம் கழிச்சு வந்தாலும் ஆண்டிச்சாமி மாப்ள பழக்கம் மட்டும் மாறல. ஊரே வாசல்ல செருப்பைக் கழட்டும். நீங்க மணவறையிலயே கால் தெரியாம மேஜோடு போட்டு உக்காந்த ஆளு. கேட்டா கால் ஆணிம்பீக. பஸ்ஸுல நின்னே பொழைக்கிற கண்டக்டருக்கு வேற என்ன மாமா வரும்பீக.

— கேலி இருக்கட்டும் மாமா. பேச்சாயியைப் பாக்கணும்.

— மகளை அங்க வச்சுக்கிட்டு, பொஞ்சாதியை மட்டும் சேவுகம்பட்டிக்குத் திருப்பி அனுப்புன ஆளுக்கு இப்ப என்ன பார்வை?

— அப்பா, நீங்க செத்த நேரம் சும்மா இருங்க. ஏங்க, இளவேனிலுக்கு என்ன?

— மறுபடியும் காய்ச்சல், பேச்சாயி. சளி நெஞ்சுல கட்டிருச்சு. மதுரையில ஆஸ்பத்திரியில வச்சிருக்கோம். மூச்சு நேத்துலருந்து பரவாயில்ல.

— கையில மரு?

— அப்படியே இருக்கு. இப்பக் கழுத்துக்கும் ஏறிருச்சு.

— மரு கரையட்டும்னு ஒரு செவ்வாய் தவறாம உப்பும் மிளகும் வாங்கித் தெப்பக்குளத்துல போட்டேனே. உன் விரல் மருதான் பிள்ளைக்கு ஒட்டுச்சு, அவளுக்குக் கரையிற வரைக்கும் தொடாதேன்னு, உங்க சனம் அத்தனையையும் கரையில நிறுத்தி வச்சுச் சொன்னீக. என் விரல்ல இருந்தது மூணே மாசத்துல உதுந்து போச்சு. அவளுக்கு ஏன் போகல?

— அதைச் சொல்லத்தான் வந்தேன். கொஞ்சம் தண்ணி குடு.

— இந்தாங்க. நின்னுக்கிட்டே குடிக்காதீக.

— பிள்ளை ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி, அஞ்சு மாசம் கழிச்சு முடிவு வந்திருக்கு. நோயை அண்ட விடாமப் பாத்துக்கிற வெள்ளை அணு அவ ரத்தத்துல ரொம்பக் கம்மியாம்.

— உடம்புல உண்டாகலையா?

— உண்டாகுது. எலும்புக்குள்ள மஜ்ஜையில நிறைஞ்சு கிடக்குதாம், வெளியதான் வரமாட்டேங்குது. டாக்டரம்மா படம் போட்டெல்லாம் சொன்னாங்க, எனக்கு ஏறல. அப்புறம் என்ன வேலைன்னு கேட்டாங்க. கண்டக்டர்னதும், அப்படின்னா உங்களுக்குச் சுளுவாப் புரியும், ஒத்தை விசிலுக்கு வண்டி நிக்கும், ரெட்டை விசிலுக்குப் போகும், அதுதான் விசயம்னாங்க.

— பிள்ளை உடம்புல யாருங்க விசில் அடிக்கிறது?

— எலும்புதான். ஒவ்வொரு வெள்ளை அணு மேலயும் காது மாதிரி ஒரு புரதம் இருக்காம். ஏற்பின்னாங்க. பேரை டிக்கெட்டுக்குப் பின்னால எழுதி வச்சிருக்கேன்: சி.எக்ஸ்.சி.ஆர். நாலு. இங்கயே நில்லுன்னு எலும்பு விடுற ஒத்தை விசில் அந்தக் காதுலதான் விழும். புறப்படுற நேரம் வந்ததும் காது அடங்கிக்கிடும். அணுவும் ரத்தத்துக்குக் கிளம்பிரும். நம்ம பிள்ளைக்கு அது அடங்குறதே இல்ல. நில்லு நில்லுன்னு கேட்டுக்கிட்டு அத்தனை வண்டியும் டிப்போவுக்குள்ளயே நிக்குது. வழி நெடுக ஸ்டாப்புல சனம் காத்துக் கிடக்குது.

— அதான் மரு போகலையா?

— மரு, காதுச் சீழு, நெஞ்சுச் சளி, எல்லாத்துக்கும் அதுதானாம்.

— அந்தக் காதை அடைக்க ஒரு மருந்தைக் குடுக்க வேண்டியதுதானே மாப்ள?

— நானும் அதைத்தான் கேட்டேன் மாமா. கோளாறு அந்த ஏற்பியில இருக்குன்னு போன வருசம், ரெண்டாயிரத்து மூணுலதான் கண்டுபிடிச்சாங்களாம். அதை அடக்குற மருந்து இன்னும் எங்கயும் நடப்புக்கு வரலையாம். அணுவைக் கொஞ்சம் வெளிய தள்ளிவிட ஒரு ஊசி இருக்கு. காய்ச்சல் கண்டா அன்னைக்கே தூக்கிட்டு வாங்கன்னாங்க. தூக்கிட்டு ஓடுறதைத் தவிர நம்ம கையில ஒண்ணும் இல்ல.

— எங்கிட்ட மறைக்காதீக. இது யாருகிட்டருந்து வந்துச்சாம்?

— பெத்தவங்கள்ல ஒருத்தருகிட்டருந்து வரும்னாங்க.

— அப்ப நாந்தான். எங்க அக்கா பிள்ளை ரெண்டு தொட்டில்லயே போச்சுன்னு உங்கம்மா சொல்லாத நாளில்ல. எம்மேலயே எழுதிக்கங்க. இன்னும் நூறு செவ்வாய் உப்புப் போடச் சொன்னாலும் போடுறேன். தொட மாட்டேன். சன்னல் வழியா ஒருக்கா அவளைக் காட்டுங்க, போதும்.

— பொறு பேச்சாயி. டாக்டரம்மா என் காதுப் பஞ்சைப் பாத்தாங்க. சின்ன வயசுலருந்து சீழ் வடியும்னேன். குனிஞ்சு காலைப் பாத்துட்டு, பூட்ஸைக் கழட்டுங்கன்னாங்க.

— கால் ஆணியையா? ஒம்போது வருசம் ஒரு ராத்திரி விடாம எருக்கம்பால் வச்சவ நான். அதுல பாக்க என்ன இருக்கு?

— அது ஆணியே இல்லையாம். உள்ளங்கால் முழுக்க மருவாம். டிப்போவுல பாதிப் பேருக்குக் கால் ஆணி. நானும் அந்தக் கணக்குலயே நடந்துட்டேன். என் ரத்தத்தையும் இங்கயே எடுத்து எண்ணிப் பாத்துட்டாங்க, வெள்ளை அணு கம்மி. அதே கோளாறு. என்னை லேசாத் தொட்டுட்டு, பிள்ளையைப் போட்டு அமுக்கிருச்சு.

— உங்க சனத்துக்கு இது தெரியுமா மாப்ள?

— நேத்து அதே தெப்பக்குளத்துக்கு அதே சனத்தைக் கூப்பிட்டு, மேஜோட்டைக் கழட்டிக் காலைக் காட்டுனேன் மாமா. எங்கம்மா முந்தானையை மூஞ்சியில போட்டுக்கிட்டு உக்காந்திருச்சு.

— அதெல்லாம் கிடக்கட்டுங்க. பிள்ளைகிட்ட இப்ப யாரு இருக்கா?

— எந்தங்கச்சி. வார்டுல ஒரு ஆளைத்தான் கூட இருக்க விடுவாங்க. அந்தச் சீட்டை மாத்தி எழுதி வாங்கிட்டேன், இந்தா. உன் பேருதான் இருக்கு. நாலு மணி வண்டிக்குக் கிளம்பு.

— தொடலாமா நானு? மரு உதுந்த இடத்துல இன்னும் ஏதாச்சும் ஒட்டியிருந்தா? இந்த விரலை எந்த டாக்டராச்சும் ஒருக்கா பாத்துட்டுச் சொன்னாத் தேவலை.

— எருக்கம்பால் தொட்டு வச்சது எந்த விரல்னு நினைச்சுப் பாரு பேச்சாயி. அந்த மருவை உனக்குக் குடுத்ததே என் காலுதான்.