மூன்றாம் பக்கம்

— கையைக் கொடு. ஐயோ, ஐஸ் கட்டி மாதிரி இருக்கு! நாடி என்னடி இந்த ஓட்டம் ஓடுது? பிரசவ வார்டுல முதல் பிள்ளைக்காரிகூட இப்படி நடுங்கி நான் பாத்ததில்ல.

— விடுங்க அண்ணி. நர்ஸ் உடுப்பைக் கழட்டிட்டு வந்தும் நாடி பிடிக்கிறதை மட்டும் விடமாட்டீங்க.

— மூச்சை இழு. விடு. சொல்றதைக் கேளு கண்ணு, இப்பவே வீட்டுக்குப் போயிடலாம். உங்கண்ணன் வாசல்ல வண்டியோடதான் நிக்கிறார்.

— போனா, அன்னிக்கு அழுதவ இன்னிக்கு ஓடிட்டான்னு மைக்குலயே சொல்லுவார் நம்ம இலக்கிய மன்றத் தலைவர்.

— ஏண்டி திரும்பவும் அதே கதையைத் தூக்கிட்டு வந்தே? பூ, மழைன்னு ஏதாவது எழுதக்கூடாதா?

— எங்கம்மா கதை அண்ணி. அன்னிக்கு அந்தப் போர்வை வரியில தொண்டை அடைச்சுக்கிச்சு. ஒரு வாய் தண்ணி குடிச்சிருந்தா சரியாயிருக்கும். அதுக்குள்ள என் கையிலேர்ந்து காகிதத்தைப் பிடுங்கி, மூக்காலயே அழுது அழுது வாசிச்சாரே... சபையே சிரிச்சுது. செத்துப்போன எங்கம்மாவைப் பாத்து.

— தெரியாதா? பின்வரிசையில உக்காந்து பல்லைக் கடிச்சேன். இருக்கறதிலேயே பெரிய ஊசியா எடுத்து ஒண்ணு போடணும்னு கை பரபரத்துச்சு.

— இந்தத் தடவை எங்கம்மாவை அந்த வாய்க்குக் கொடுக்கமாட்டேன். அந்த வரியை நான்தான் வாசிப்பேன்.

— ஒத்திகை பாத்தியா?

— துணி துவைக்கிற மெஷினுக்கு எதிர்ல நின்னு, அது போடுற சத்தத்தை மீறி வாசிச்சேன். மொட்டைமாடியில வாசிச்சேன். வீட்டுக்காரருக்கும் வாசிச்சுக் காட்டினேன். தூங்கிட்டார்.

— அப்ப அவருக்கு முன்வரிசையிலயே இடம் போடலாம். எங்க, காகிதத்தைக் காட்டு. என்னடி இது? முதல் ரெண்டு பக்கம் எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து, மூணாம் பக்கத்துலேர்ந்து கடை போர்டு மாதிரி!

— கண்ணாடி இல்லாம படிக்கறதுக்கு.

— நீ எப்ப கண்ணாடி போட்டே?

— உஷ். வர்றார்.

— ஆகா, சகோதரி! காற்றில் சுடர்போல் நடுங்குகிறீர்களே!

— கொஞ்சம் பயம்தாங்க ஐயா. உறையில போட்டுக் கொடுத்தேனே, கதையைப் படிச்சீங்களா?

— படித்தேனா? வரிக்கு வரி பருகினேன்! குறிப்பாக அந்த முடிவு! உலக இலக்கியத்தில் அதற்கு ஓர் இடம் காத்திருக்கிறது. இந்தாருங்கள், உங்கள் பிரதி.

— ஐயா, மூக்குல கண்ணாடித் தழும்பு தெரியுது. கண்ணாடியைக் காணோமே?

— வீட்டில் இருக்கிறது அம்மா. மேடைக்கு முகம்தானே முக்கியம்! சகோதரி, தடுமாறினால் அஞ்ச வேண்டாம். வாசிப்பவர் நின்ற இடத்திலிருந்து தலைவர் தொடர வேண்டும், இறுதிச் சொல்வரை நிறுத்தாமல். இது நம் மன்றத்தின் மரபு. நான் வகுத்தது.

— நிறுத்தவே கூடாதுங்களா ஐயா?

— உயிரே போனாலும்! வருகிறேன், புகைப்படக்காரர் காத்திருக்கிறார்.

— அடப்பாவி மனுஷா! கண்ணு, இதைப் பாரேன். உறையில ஒட்டின பசைகூடப் பிரியல. வரிக்கு வரி பருகினாராம்!

— தெரியும் அண்ணி. யாரோடதையும் பிரிக்கமாட்டார். எல்லாருக்கும் அதே பருகல்தான். அவர் பிரிச்சிருந்தா நான் இன்னிக்கு வந்தே இருக்கமாட்டேன்.

— எனக்கு ஒண்ணும் புரியலடி.

— கூப்பிடறாங்க. என் கைப்பையைப் பிடிங்க.

— மூச்சை இழுத்துக்கோ. யாரையும் பாக்காதே. என்னைப் பாரு, இந்தத் திரை ஓரத்துலயே நிக்கிறேன்.

— சபைக்கு வணக்கம். கதையோட தலைப்பு, ‘வாக்குமூலங்கள்’. ரெண்டு பேர் பேசற கதை. முதல்ல ஒரு மகள் பேசறா. ‘ஆஸ்பத்திரியில் அம்மா என் சுண்டுவிரலைத்தான் பிடித்துக்கொள்வாள்...’

— மைக்செட்காரரே, அந்த இரைச்சலைக் கொஞ்சம் குறைங்க. எங்க நாத்தனார் வாசிக்கிறா. இருங்க, அந்த வரி வருது. கடவுளே, கடவுளே...

— ‘...தண்ணீர் எடுக்கப் போனேன். அந்த விரலை அவளிடமிருந்து நான்தான் உருவிக்கொண்டேன். திரும்பி வந்தபோது கட்டிலில் மடித்த போர்வை மட்டும் இருந்தது.’

— தாண்டிட்டா! பாத்தீங்களா மைக்செட்காரரே, ஒரு பய சிரிக்கல! முன்வரிசையில ஒருத்தர் கண்ணைத் துடைக்கிறார்!

— இனிமே... அடுத்தவர் பேசற பாகம்... மன்னிக்கணும். தொண்டை... குரல் வரமாட்டேங்குது.

— ஐயோ, ஏண்டி? நல்லாத்தானே வாசிச்சே! இந்தா, தண்ணி குடி!

— வேண்டாம் அண்ணி. போங்க. ஐயா, மரபுப்படி நீங்களே... இங்கேயிருந்து, மூணாம் பக்கம்.

— அஞ்சற்க சகோதரி! இப்படிக் கொடுங்கள். அவையோரே, அமைதி! இனி என் குரலில், இறுதிச் சொல்வரை. ‘நான் இந்த மன்றத்தின் தலைவன். இங்கே வாசிக்கத் தந்த ஒரு கதையையும் நான் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. இதையும்தான்.’