கீழடுக்கு எலிகள்

— அக்கா, கடைசியா ஒரு தடவை கேக்குறேன். மேலடுக்கு எலியையும் கீழடுக்கு எலியையும் கூண்டு மாத்திப் போட்டீங்களா?

— எட்டு வருஷமா எலிக்கூண்டு கழுவுறேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த எலி எங்கன்னு சொல்லுவேன். ஆராய்ச்சி பண்றவ நீதான் ஊசிய மாத்திப் போட்டிருப்ப.

— நானா! ஒவ்வொரு ஊசியும் நோட்டுல...

— சரி சரி, மூக்கு செவக்குது. என்னதான் ஆச்சு?

— எல்லா எலிக்கும் ஈஸ்ட்ரோஜன் சுரக்கிற சினைப்பையை எடுத்தாச்சா... மேலடுக்குக்கு ஈஸ்ட்ரோஜன் ஊசி, கீழடுக்குக்கு வெறும் எண்ணெய்.

— அந்தப் பாவமெல்லாம் பாத்துக்கிட்டுதானே இருக்கேன். அப்புறம்?

— ஈஸ்ட்ரோஜன் கருப்பை செல்லுக்குள்ள போய், அங்க அதுக்குன்னே இருக்கிற ஒரு புரதத்தைப் பிடிச்சுக்கும். ரெண்டும் சேர்ந்து மரபணு மேல உக்காந்து, ‘ம், வேலையப் பாரு’ன்னும். சிலதை ‘நீ சும்மா இரு’ன்னு அடக்கும்.

— மேஸ்திரி மாதிரி.

— மேஸ்திரியேதான். அவர் வரலைன்னா கருப்பை நூலாட்டம் சுருங்கணும். கீழடுக்குல சுருங்கவே இல்ல. உப்பிக் கிடக்கு. மரபணுவெல்லாம் முழு வேகத்துல ஓடுது.

— மேஸ்திரி இல்லாமலா?

— அதெப்படி? எங்கிருந்தோ வந்திருக்கு.

— அது... தோல் வழியாப் போகுமா?

— போகும். ஏன்?

— சும்மாதான். ஊசி போட்டதுங்க துள்ளிக்கிட்டுத் திரிஞ்சுதுங்க. கீழடுக்கு வாடிக் கிடந்துச்சு. தினமும் கொஞ்ச நேரம் கையில எடுத்து வச்சு, முதுகைத் தடவி...

— கையுறையோடதானே?

— உறை போட்டா வழுக்குது.

— அக்கா! சரி... வெறுங்கை பட்டதுக்கெல்லாம் கருப்பை உப்பாது. விடுங்க. நான்... ஒண்ணு சொல்லணும்.

— சொல்லு.

— எலி கூண்டு மாறிடுச்சுன்னு சார்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். நீங்க மாத்தினதா.

— எப்ப?

— காலையில.

— எழுதிக் குடுத்துட்டுத்தான் இவ்வளவு நேரம் என்னைக் கேட்டுக்கிட்டு இருந்தியா?

— எட்டு மாச வேலைக்கா... பயந்துட்டேன்.

— எனக்கு எட்டு வருஷம். இதுக்கு மேல எந்த எலிக்கூடத்துல என்னைச் சேப்பாங்க?

— அக்கா... எங்க போறீங்க?

— சார் ரூமுக்கு. நீயும் வா. என் பையில ஒரு டியூப் இருக்கு, அதையும் எடு. காலையில வர்றப்ப முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் தடவுறது.

— இதுவா? இது... அக்கா, இது ஈஸ்ட்ரோஜன் ஜெல். உங்களுக்கு எதுக்கு இது?

— வீட்டுல குடலிறக்க ஆபரேஷன்னு சொல்லி வச்சிருக்கேன்... போன வருஷம், அதுகளுக்கு எடுத்ததைத்தான் எனக்கும் எடுத்தாங்க. அந்த வாட்டம் எனக்குத் தெரியும், அதான் கையில எடுத்து வச்சுக்கிட்டேன்.