காத்தாயி அழும் காட்சியை எடுத்த விதம்

ஈரப்பலாக்காய்க்கு மயிர் ஒட்டி, கண் வரைந்துவிட்டால் வெட்டிய மனிதத் தலை மாதிரியே இருக்கும். ஒரேயொரு குறை, மூன்று நாளில் கனிந்து மூக்கு உள்ளே போய்விடும். ஆகவே தலை வருகிற காட்சிகளை முதலில் எடுத்துவிட வேண்டும். எடுத்து முடிந்ததும் கறி வைக்கலாம். நாங்கள் வைத்தோம். நன்றாயிருந்தது.

காசில்லாமல் பேய்ப்படம் எடுப்பது எப்படி என்று உங்கள் திரைப்படக் கழகத்திலிருந்து கேட்டு எழுதியிருந்தீர்கள். ஒன்பது கேள்விகள். எட்டுக்குச் சந்தோஷமாகப் பதில் எழுதுகிறேன். ஒன்பதாவது கேள்வி, மகனைப் பேய் கொண்டுபோன தாயாக வரும் அம்மா யார், அவரை எப்படி அப்படி அழவைத்தீர்கள் என்பது. அதற்கும் எழுதத்தான் வேண்டும்.

தொண்ணூற்றாறாம் வருஷம். மின்வெட்டு வருஷம். நான் மாத்தளையில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். ஆடி மாதம் நம்மவர்கள் கல்யாணம் செய்வதில்லை. கமரா சும்மா கிடக்கும். ஆகவே என்னுடைய பேய்கள் எல்லாம் ஆடியில்தான் உலாவின. அந்த ஆடியில் யட்டவத்த பக்கம் ஒரு மிளகுத் தோட்டத்தில் எடுத்தோம். இரவில் எடுக்க விளக்கு இல்லை. பட்டப்பகலில் லென்சுக்கு மேல் நீலக் கண்ணாடித்தாளை ஒட்டினால் இரவு வந்துவிடும்.

பேய், தையற்கடை பதுர்தீன் நானா. ஆறடி உயரம், சேலைக்கு ரவிக்கையும் அவரே தைத்துக்கொள்வார். ரத்தத்துக்குக் கித்துள் மரத்துப் பாகில் சிவப்புச் சாயம் கலந்தேன். எறும்பு வந்தது.

"சிவஞானம், பேய எறும்பு கடிக்கிறன்னு எந்தக் கிதாபுல ஈக்கி?" என்று கேட்டபடியே நானா சேலையைத் தூக்கிக்கொண்டு துள்ளினார். நான் கமராவை நிறுத்தவில்லை. அந்தத் துள்ளலை நவீன நடனம் என்று நீங்கள் பாராட்டியிருக்கிறீர்கள். அது எறும்பு.

தலையைப் பையில் போட்டுக் கொண்டுபோகும்போது சோதனைச் சாவடியில் திறந்து காட்டச் சொன்னார்கள். காட்டினேன். சிப்பாய் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான். மரத்தில் காய்த்தது மாத்தயா என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டான். அந்த நாளில் ஒரு தலையைக் கொண்டுபோவது லேசு. அடையாள அட்டை இல்லாமல் போவதுதான் கஷ்டம்.

நீங்கள் கேட்ட அந்த அம்மா, அதே தோட்டத்தில் மிளகு பறித்த காத்தாயி; அவள் மகன் யோகராஜ் அப்படித்தான் பிடிபட்டான். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. அட்டைக்கு விண்ணப்பித்திருந்தான், அதற்குப் படம் பிடித்துக் கொடுத்தவன் நான்தான். அட்டை வருவதற்குள் சுற்றிவளைப்பு வந்துவிட்டது. எட்டு மாதமாக ஒரு தடுப்பு முகாமில் இருந்தான்.

தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குத் தனி விலாசம் கிடையாது. எல்லாக் கடிதமும் தோட்டத்து ஆபீசுக்கு வரும். கிளாக்கர் கூப்பிட்டுக் கொடுப்பார். முகாம் முத்திரையோடு ஒரு கடிதம் அங்கே வந்தால் அது காத்தாயியின் கைக்கு வருமுன் மலை முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் அவள் என் கடைக்கு வந்து கேட்டாள்.

"ஐயா, ஒங்க கடை வெலாசத்தக் குடுத்துக்கிறேங்க. சிங்களத்துல வந்தாலும் நீங்களே வாசிச்சுச் சொல்லிருவீங்க."

சரி என்றேன். அதற்குப் பிறகு என்னை எங்கே கண்டாலும் அவள் ஒரே கேள்விதான் கேட்பாள்.

படப்பிடிப்புக்கு நான் கமராவோடு தோட்டத்தில் இறங்கிய திங்கட்கிழமையும் அவள் மிளகுக் கொடிகளுக்கிடையிலிருந்து ஓடி வந்தாள். "கடுதாசி வந்துச்சுங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். உண்மையாகவே வந்திருக்கவில்லை. அப்போது அவள் முகத்தில் நடந்ததைப் பார்த்தபிறகு, தாய் வேடத்துக்குப் பேசி வைத்திருந்த பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். காத்தாயியைக் கொடிகளுக்கு நடுவே உட்காரவைத்து, எட்டு மாதத்தை நினைத்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். அழுதாள். எடுத்தேன். நன்றாக வந்திருக்கும் என்றுதான் பட்டது. ஆனால் அந்தச் சின்னக் கமராவின் துளைக்குள் முகம் பொட்டு மாதிரித்தான் தெரியும். மின்வெட்டில் அன்றன்றைக்கே போட்டுப் பார்க்கவும் வழியில்லை. இன்னும் சில தடவை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது என்று நினைத்தேன். கவனமான எவரும் அப்படித்தான் நினைப்பார்.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது.

சிங்களத்தில் தட்டச்சு செய்த ஆறு வரி. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முன் தாயோ தகப்பனோ பிறப்புச் சான்றிதழோடு வந்து கையெழுத்து வைத்தால் யோகராஜை விடுவிக்கலாம். வராவிட்டால் சனிக்கிழமை மற்றவர்களோடு வேறிடத்துக்கு அனுப்பப்படுவான்.

நான் அவசரப்படவில்லை. யோசித்தேன். வியாழன் மத்தியானம் படப்பிடிப்பு முடியும். அன்றைக்கே கடிதத்தைக் கொடுத்தால் வெள்ளி விடிய முதல் பஸ்ஸில் போய்விடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. முதலே கொடுத்தால் எனக்குக் காட்சி இல்லை. மகன் வரப்போகிறான் என்று தெரிந்த தாயை ஒப்பாரி வைக்கச் சொன்னால் வைப்பாள். கண் மட்டும் சிரிக்கும்.

புதன் காலை அவள் கேட்டாள். இல்லை என்றேன். கமரா ஓடிக்கொண்டிருந்தது. அன்று நாலு தடவை எடுக்க நினைத்திருந்தேன், அவளோ ஒரு தடவைதான் கேட்டாள். ஆகவே மற்ற மூன்று தடவையும் நானாகவே பக்கத்தில் போய், "இன்னும் ஒண்ணும் வரல்ல காத்தாயி" என்று சொல்லிவிட்டு வந்து பொத்தானை அழுத்தினேன்.

மூன்றாவது தடவை அவள் அழுகையை நிறுத்தவில்லை. பதுர்தீன் நானா வாயெல்லாம் ரத்தத்தோடு பக்கத்தில் குந்தி, "அழாதீங்க அக்கா, அல்லாஹ் ஈக்கான், புள்ள வந்திருவான்" என்று அவள் முதுகைத் தடவினார்.

"பேய்க்கு இருக்கிற எரக்கம் மனுசனுக்கு இல்லீங்களே நானா," என்றாள் காத்தாயி. முகாம்காரர்களைச் சொன்னாள். நான் லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை நானே தோட்டத்துக்குப் போய்க் கடிதத்தைக் கொடுத்தேன். உறையில் தபால் முத்திரையில் தேதி இருந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் உறையை முதலே எரித்துவிட்டேன். இன்றைக்குத்தான் வந்தது, தபால் பிந்திவிட்டது என்றேன். அவள் என் காலைத் தொட்டாள். வாடகைக்கு ஒரு வான் பிடித்து, சிங்களம் பேச நானாவையும் கூட அனுப்பினேன். அவர்கள் போய்ச் சேரும்போது முகாம் காலியாகக் கிடந்தது. எங்கே கொண்டுபோனார்கள் என்று வாசலில் நின்ற ஒருவனுக்கும் தெரியவில்லை.

அதன்பின் அவளுக்காக நான் எழுதிய மனுக்களுக்குக் குறைவில்லை. எல்லாம் நல்ல சிங்களத்தில். ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தது: அப்படியொரு பெயர் பதிவேட்டில் இல்லை. அதையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். இந்த முறை வாசித்தது உள்ளபடி. "ஐயா இல்லாட்டி எனக்கு யாருங்க இருக்கா," என்று அவள் கோயிலில் நாலு பேருக்கு முன்னால் சொல்லியிருக்கிறாள். நான் அந்தக் கோயிலுக்குப் போவதை விட்டேன்.

பன்னிரண்டு வருஷம் கேட்டாள். போன ஆனியில் செத்துப்போனாள். பாடை தூக்க என்னையும் கூப்பிட்டார்கள். தூக்கினேன். அவள் உயிரோடு இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

வியாழன் மத்தியானம் முடியும் என்றானே, அன்றைக்கு ஏன் கொடுக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். வியாழன் பன்னிரண்டரைக்கே முடிந்துவிட்டது. சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். கடிதம் என் சட்டைப்பையில். காத்தாயி வந்து நின்றாள். மகனுடைய பிறப்புச் சான்றிதழைப் பொலித்தீனில் சுற்றி எந்நேரமும் மடியில் வைத்திருப்பாள், அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "கடுதாசி ஏதாச்சும்?" என்று கேட்டாள்.

டேப்பை நான் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. சரியாக வந்திராவிட்டால் மறுபடியும் எடுக்க வேண்டிவரும்.

"இல்ல காத்தாயி" என்றேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரும்போது மாலை ஐந்து மணி. போட்டுப் பார்த்தேன். புதனும் வியாழனும் எடுத்ததில் முகம் வீங்கி, தொண்டை கட்டிப்போய், ஒன்றும் உதவவில்லை. நீங்கள் படத்தில் பார்த்த காட்சி, திங்கட்கிழமை எடுத்தது.