ஆண்டவரோடு பேச்சுவார்த்தை இல்லை

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். பேண்டேஜ் கம்பெனியில் வேலை முடிந்து வருகிறார்கள் போல, தலையெல்லாம் பஞ்சுத்தூசி. இளையவள் திடீரென்று சத்தமாகச் சொன்னாள்:

"நான் ஆண்டவரோட பேசுறதில்ல மதினி. அவர்கிட்டயே சொல்லிட்டேன்."

"ஏட்டி, பஸ்ஸுல என்ன பேச்சு இது?"

"வேற எங்க பேச? எம்மவனப் பொதைச்ச மண்ணு இன்னும் காயல. வார ஞாயித்துக்கிழமை சபையில எந்திரிச்சு, கர்த்தர் நல்லவர்னு சாட்சி சொல்லணுமாம். பாஸ்டர் சொல்லுதாரு."

"அவிய ஒனக்கு ஆறுதலாத்தான் சொல்லுதாவ."

"ஆறுதலா? எனக்கு விசுவாசம் பத்தலையாம், அதான் புள்ள போயிட்டானாம். அவிய வீட்டம்மா எம்மூஞ்சிக்கு நேரா சொன்னாவளே, அதுவும் ஆறுதலா? ஆஸ்பத்திரியில அவன் கட்டில்கிட்ட முழங்கால் போட்டே கெடந்தேனே, அது பத்தலையா?"

மூத்தவள் இளையவளின் தலையிலிருந்த பஞ்சுத்தூசியைத் தட்டிவிட்டாள்.

"ஆண்டவர்கிட்ட என்னன்னு சொன்ன?"

"எம்புள்ளைய ஏன் எடுத்தீரு, பதில் சொல்லும், அதுவரைக்கும் ஒம்மோட பேச மாட்டேன்னு சொன்னேன். தெனமும் கதவைச் சாத்திக்கிட்டு அவரைப் பாத்துக் கத்துறேன்."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

"பேசமாட்டேன்னு சொன்னவரத் தேடி எதுக்குட்டி தெனம் போற?"

"பொறவு யார்கிட்டப் போக?" இளையவள் குரல் இன்னும் உயர்ந்தது. "விசுவாசம் பத்தலன்னு சொல்லாம, நான் கத்துறதக் கேட்டுக்கிட்டு இருக்கது அவரு ஒருத்தருதானே!"