மட்கார்டில் ஒரு சாக்பீஸ் கோடு

இந்த ஸ்டேஷன் டீ நன்றாகவே இருக்கிறது சார். சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். நானாகத்தான் வந்தேன், கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், எதையும் மறைக்கிற உத்தேசம் இல்லை. அதற்கு முன்னால் ஒரு சின்ன காரியம். பாலக்காட்டுப் பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. நீங்கள் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருக்கிற வண்டியை யாராவது அந்த ஷீட் கூரைக்குக் கீழே தள்ளி நிறுத்தினால் புண்ணியமாகப் போகும். பின்பக்கம் கை வைத்துத் தள்ளச் சொல்லுங்கள், மட்கார்டில் கை வைக்க வேண்டாம். தார்ப்பாயும் போட வேண்டாம், உள்ளே வேர்த்துத் துரு பிடிக்கும்.

டாட்சன் 240 இசட். எழுபதுகளின் தொடக்கத்தில் ஜப்பான்காரன் செய்தது. இரண்டு பேர் உட்காரலாம், மூக்கு நீளம், முதுகு சரிந்து இறங்கும். மலேசியாவிலிருந்து திரும்பிய ஒரு குடும்பம் கப்பலில் கொண்டுவந்து, ஓட்ட ஆளில்லாமல் ஆனைமலைப் பக்கம் ஒரு தேங்காய்க் களத்துக் கொட்டகையில் போட்டிருந்தது. அதைக் கண்டுபிடித்து வாங்கியவர் என் தங்கை பிரவீனாவின் வீட்டுக்காரர் மோகன்குமார். ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனாரே, அவர்தான். நான் அவரை மாப்பிள்ளை என்றுதான் சொல்வேன், பெயர் சொல்லிப் பழக்கமில்லை. ஆர்.சி. அவர் பெயரில் இருந்தது. வேலை முழுக்க என்னுடையது.

வேலை என்றால் சும்மா இல்லை. முதல் நாள் கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து எலி ஓடியது. தரைத் தகட்டில் கால் வைத்தால் கால் மண்ணில் பட்டது. எனக்குக் கணபதியில் லேத் பட்டறை இருக்கிறது, பம்ப்செட் பாகங்கள் கடைந்து கொடுக்கிறேன். அங்கே வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் வண்டியைக் கொண்டுவந்து போட்டிருந்த போத்தனூர் ஷெட்டுக்கு நேராகப் போய்விடுவேன். இப்படியே சில வருடங்கள். கிடைக்காத சின்னச் சின்ன உருப்படிகளை நானே கடைந்தேன். டிங்கரிங்குக்கு உக்கடத்திலிருந்து யாகூப் பாய் வருவார். பின் மட்கார்டு இரண்டிலும் துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு சேர்த்து, பழைய வளைவை நானும் அவரும் தட்டித் தட்டியே கொண்டுவந்தோம். பட்டி பூசி ஏமாற்றவில்லை. பழைய தகடு எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்று என் விரலுக்கே தெரியாது. தினமும் கண்ணை மூடிக்கொண்டு அந்த வளைவை ஒருமுறை தடவிவிட்டுத்தான் கிளம்புவேன். இவன் கல்யாணம் செய்துகொள்ளாததற்குக் காரணம் இதுதான் என்று சொந்தத்தில் கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும்.

ஷெட்டில் எனக்கென்று சில ஒழுங்குகள் உண்டு. மோதிரம் போட்ட கையோடு வண்டியைத் தொடக்கூடாது. மூடுவதற்குத் துவைத்த சென்னிமலைப் பெட்ஷீட்தான், வேறு எதுவும் ஆகாது. இரும்பு நேராக இரும்பில் படவே கூடாது. ஜாக்கியின் தலையில் வேப்பங்கட்டை ஒன்றை வைத்து, அதன்மேல் ரப்பர் ஒட்டி, சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டியிருந்தேன். அவசரத்தில் யாரும் மறந்துவிடக் கூடாது பாருங்கள். மாப்பிள்ளைக்கு இதெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

"ஏனுங்க மச்சான், கோயலுக்குள்ள வர்றாப்பல காலக் கழுவிப்போட்டுத்தான் வரோணுமுங்களா?" என்பார்.

நல்ல மனிதர் சார். எப்போதும் சிரித்த முகம். என் தங்கையை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாதம் பெயிண்ட் வேலை முடிந்து வண்டி ஓட ஆரம்பித்தது. ஆரஞ்சு நிறம், கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த அதே நிறம். நானும் மாப்பிள்ளையும் அவினாசி ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்தோம். திரும்பி வந்து இறங்கியதுமே கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். இதே வண்டிதான், ஏதோ வெளிநாட்டில். பின் மட்கார்டை வெட்டி எறிந்துவிட்டு, பிளாஸ்டிக்கில் அகலமான மூடி ஒன்றை வைத்து போல்ட் போட்டிருந்தார்கள். சக்கரம் வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றது.

"வைட் பாடி கிட்டுங்க மச்சான். ஆர்டர் போட்டாச்சுங்க. மட்கார்ட வளைவோட வெட்டிப்போட்டு இத வெச்சுப் பூட்டுனா, ரோட்டுல போறவன் அப்படியே நின்னு பாப்பானுங்க."

என் கை தானாக மட்கார்டின்மேல் போய் நின்றது. ஆனால் நான் சொன்னது, "பண்ணிக்கலாமுங்க மாப்ள" என்பதுதான். நீங்கள் வெளியூர்க்காரர் என்றால் இது விசித்திரமாக இருக்கும். எங்கள் பக்கம் தங்கை வீட்டுக்காரரிடம் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்கிற வழக்கமில்லை. பெண் கொடுத்த வீட்டு ஆள் குரலை இறக்கித்தான் பேசுவான். முகம் சுண்டியிருப்பதைப் பார்த்து அவராகப் புரிந்துகொண்டு விட்டுவிட வேண்டும். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பட்டறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் ஷெட்டுக்குப் போகத் தோன்றும். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போத்தனூருக்கு பைக்கை விரட்டிக்கொண்டு போவேன். மட்கார்டு இருக்கிறதா என்று பார்ப்பேன், இருக்கும். திரும்பிப் பாதி வழி வருவதற்குள் மறுபடியும் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். லேத்தில் அளவு தப்பி உருப்படிகள் வீணாயின. எனக்கு அப்படி ஆனதே கிடையாது.

தங்கையிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அண்ணா, அவரு ஆசப்பட்டு வாங்குன வண்டிதானுங்க? ஒருக்கா அவரு ஆசைக்கு விட்டுத்தான் குடுங்களே" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவள் அந்த மட்கார்டைத் தொட்டுப் பார்த்ததில்லை.

யாகூப் பாயிடம் போனேன். வெட்டுகிற வேலை அவரிடம்தான் வந்திருந்தது, திங்கட்கிழமை காலையில் என்று பேச்சு. "எனக்கும் கை வரலீங்க தனபாலு. நாம தட்டுன தகடு. ஆனா வண்டிக்காரரு சொல்றாரு, நீங்களும் சரின்னுட்டீங்கன்னு சொன்னாருங்களே" என்றார். மாப்பிள்ளை சொன்னது பொய் இல்லையே.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை தன் மகள் ரித்திகாவின் சாக்பீஸை எடுத்துவந்து, எங்கே வெட்ட வேண்டும் என்று இரண்டு மட்கார்டிலும் கோடு போட்டார். அவர் போனதும் ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுத்துவிட்டேன். மறுநாள் வந்து பார்த்தார். "அழிஞ்சு போச்சுங்க பாருங்க" என்று சிரித்துக்கொண்டே, இந்த முறை நன்றாக அழுத்திப் போட்டார். அந்தச் சாக்பீஸில் மணல் இருந்திருக்க வேண்டும். துடைத்த பிறகு மயிரிழை போல ஒரு கீறல் நின்றுவிட்டது. அதைப் பார்த்து நான் அழுதேன் சார். அம்மா போனபோதுகூட அப்படி அழவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காலைப் பலகாரம் முடித்துவிட்டு மாப்பிள்ளை வந்தார். பின் சக்கரங்களைக் கழற்றி, அகல டயருக்கு உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளக்க வேண்டும், சைலன்சரையும் இறக்க வேண்டும் என்றார். நான்தான் ஜாக்கி போட்டுத் தூக்கி, பாரம் தாங்கப் பின்பக்கம் இரண்டு இரும்பு ஸ்டாண்டு வைத்தேன். ஸ்டாண்டு உட்காருகிற இடத்தில் முந்தின நாள்தான் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தேன், முழுக்கக் காயவில்லை. இரும்புத் தலை பட்டால் தடம் விழும். அதனால் பெட்ஷீட்டை மடித்து ஸ்டாண்டுகளின்மேல் வைத்து, அதன்மேல் வண்டியை இறக்கி, பின் சக்கரங்களைக் கழற்றி ஓரமாக வைத்தேன். துணி வழுக்கும் என்று தெரியாதா என்பீர்கள். பட்டறை வைத்திருப்பவனுக்குத் தெரியாமல் இருக்குமா. ஆனால் அப்போது நான் பெயிண்டைப் பற்றித்தான் நினைத்தேன்.

எங்கள் ஷெட்டில் ஸ்டாண்டு வைத்தவன்தான் வண்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் அடுத்தவர் அடியில் போவார். போகிறவர் தானும் ஒருமுறை ஆட்டிப் பார்ப்பதில்லை. மச்சான் வைத்ததை மாப்பிள்ளை சோதித்துப் பார்த்தால் நன்றாகவா இருக்கும்? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

"ஆட்டிப் பாத்துட்டீங்களா மச்சான்?"

"பாத்துட்டனுங்க மாப்ள."

பார்க்கவில்லை. ஆட்டியிருந்தால் துணி நகர்ந்து பெயிண்ட் கெட்டிருக்கும்.

அவர் மல்லாக்கப் படுத்து உள்ளே நகர்ந்தார். சைலன்சர் போல்ட் ஒன்று இறுகிக் கிடந்தது. ஸ்பேனரைப் போட்டு ஓங்கி இழுத்தார். வண்டி ஒரு பக்கமாக நகர்ந்தது, பிறகு இறங்கிவிட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. நான் முதலில் மட்கார்டைத்தான் பார்த்தேன், உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய நெஞ்சு தாங்கிக்கொண்டதால் தரையில் இடிக்கவில்லை.

"மச்சான், ஜாக்கியப் போடுங்க" என்றார். குரல் மெதுவாக இருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது.

ஜாக்கி பக்கத்திலேயேதான் நின்றது. ஆனால் வண்டி கோணலாகக் கிடக்கிறது. ஜாக்கியின் இரும்புத் தலையை அப்படியே கொடுத்தால் கதவுக்குக் கீழே இருக்கிற விளிம்பு நசுங்கிவிடும். ஒருமுறை நசுங்கினால் எத்தனை தட்டினாலும் பழையபடி வராது. கட்டை வேண்டும். அதனால் கட்டையைத் தேடினேன். பெஞ்சுக்கு அடியில் பார்த்தேன். கழிவுத் தகடு போடுகிற டிரம்முக்குள் பார்த்தேன். ரொம்ப நாளாக எனக்கு இருந்த படபடப்பு அப்போது இல்லை, அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பதறினால் எதுவும் கைக்குக் கிடைக்காது என்று நிதானமாகவே தேடினேன்.

மறுபடியும் கூப்பிட்டார். "இருங்க மாப்ள, கட்டையப் பாத்துட்டு இருக்கறனுங்க" என்றேன்.

"கட்ட வேண்டாமுங்க மச்சான்" என்றார்.

அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை. ஸ்பேனரால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்றபோது நான் பெயிண்ட் டப்பாக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி அவற்றின் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். நகர்த்திய டப்பாக்களைத் திரும்ப வரிசையாக வைத்தேன்.

திங்கட்கிழமை தகடு வெட்டுவதற்கான கிரைண்டரை முன்கூட்டியே இறக்கி வைக்க அப்போதுதான் யாகூப் பாய் வந்தார். வாசலில் கிரைண்டரைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஒரே இழுப்பில் ஜாக்கியை இழுத்து உள்ளே கொடுத்து அடித்துத் தூக்கினார். மாப்பிள்ளையை வெளியே எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "கண்ணத் தொறங்க, கண்ணத் தொறங்க" என்று அழுதார். மாப்பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. வண்டியின் விளிம்பு நசுங்கவில்லை.

பிரவீனா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அண்ணா, அவரு கடைசியா ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"ஒண்ணும் பேசுல கண்ணு. ஒரு நொடிதான், வலியே தெரிஞ்சிருக்காது" என்றேன். அவளுக்கு எதற்கு வீண் கஷ்டம். ரித்திகா பக்கத்தில் நின்றுகொண்டு என் கையைப் பிடித்திருந்தாள்.

விபத்து என்று எழுதி முடித்துவிட்ட விஷயத்துக்கு இப்போது ஏன் வந்தாய் என்று நீங்கள் கேட்டீர்கள். சொல்கிறேன். உங்கள் ஏட்டையா எழுதியதை நேற்று எனக்குப் படித்துக் காட்டினார்கள். பழைய வண்டி என்பதால் அடித்தகடு துருப்பிடித்து இற்றுப்போய், பாரம் தாங்காமல் இறங்கிவிட்டது என்று இருந்தது. அதைக் கேட்டதிலிருந்து மறுபடியும் இருப்புக் கொள்ளவில்லை. சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. என் வண்டியில் துரு இல்லை சார். வெளிச்சம் அடித்துப் பாருங்கள், ஒரு புள்ளி காட்டுங்கள். தகடு சரியாக இருந்தது. ஸ்டாண்டு சரியாக இருந்தது. துணியை வைத்தது நான், ஆட்டிப் பார்க்காமல் பார்த்தேன் என்று சொன்னது நான். அவர் கூப்பிட்டபோது தூக்காமல் இருந்ததும் நான்தான். அப்படித் திருத்தி எழுதுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

தூறல் விழுந்துவிட்டது போலிருக்கிறதே. யாரையாவது அனுப்பினீர்களா?

இன்னும் ஒன்று. யாகூப் பாய் உங்களிடம் சொல்லியிருப்பார், நானும் சொல்லிவிடுகிறேன். அவர் ஜாக்கியை இழுத்தபோது வேப்பங்கட்டை அதன் தலையிலேயேதான் இருந்தது, நான் கட்டிய டியூப் அவிழாமல். காலையில் அதை வைத்துத்தான் நானே வண்டியைத் தூக்கியிருந்தேன். மாப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "கட்ட இங்கதானுங்களே இருக்குது, நீங்க எதத் தேடிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார். அப்போது நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் சார். மாப்பிள்ளையைக் காப்பாற்றத்தான், நான் கட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன்.